‘டொக்கு’ டைல்ஸ்!



ஒரு சின்ன டெஸ்ட். பர்ஸைத் திறந்து ஒரு ரூபாய் காசு ஒண்ணு எடுங்க. (என்னது, காசே இல்லையா? மாசக் கடைசி... புரியுது. வண்டிச் சாவியா இருந்தாலும் ஓகே!) இப்போ நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல டைல்ஸ் தரை இருந்தா மெதுவா தட்டுங்க. நடுவுல ஒரு தட்டு, நாலு மூலையிலும் நாலு தட்டு. ‘டிக்... டிக்’னு கெட்டியா சத்தம் வந்தா நீங்க கொடுத்து வச்சவங்க. ‘டொக்... டொக்’னு காலிப் பானையைத் தட்டுற மாதிரி வந்தா, வாங்க வாங்க... நீங்களும் நம்ம கட்சி!

கொத்தனார் பாஷையில அதுக்குப் பேரு ‘டொக்கு’. டைலுக்கு அடியில ஒண்ணுமே இல்லை, காத்துதான் இருக்குன்னு அர்த்தம். எங்க வீட்டுல மொத்தம் 155 டைல்ஸ். அதுல 61 டொக்கு. எப்படி இவ்வளவு கரெக்டா தெரியும்னு கேக்குறீங்களா? ஒண்ணொண்ணா தட்டி எண்ணினேன் பாஸ்!

சிரிக்காதீங்க. இது எங்க அம்மாவோட குழுக் கடன், எங்க அப்பாயியோட கால் பெருவிரல், ரெண்டு வீட்டு உறவு எல்லாம் சேர்ந்த கதை.

சிமெண்ட் ஊரும் சிவப்புத் தரையும்

அரியலூர்னு சொன்னாலே உங்களுக்கு ஞாபகம் வர்றது என்ன? சிமெண்ட்! பல கோடி வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊரெல்லாம் கடலுக்கு அடியில கிடந்துச்சு. அந்தக் கடல் விட்டுட்டுப் போனதுதான் சுண்ணாம்புக்கல். இன்னிக்கும் சுரங்கத்துப் பக்கம் போனா கல்லுக்குள்ள சிப்பி, நத்தை எல்லாம் பார்க்கலாம். பக்கத்துல பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ல சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிக் கிடக்குது. வயசு 12 கோடி வருஷம்ங்கிறாங்க. அரியலூர்ல அரசு சிமெண்ட் ஆலை ஓட ஆரம்பிச்சது 1979-ல. அப்புறம் தனியார் ஆலைங்களும் வரிசையா வந்தாச்சு. எங்க ரோட்டுல பஸ்ஸுக்கு வெயிட் பண்ற நேரத்துல எத்தனை லாரி, எத்தனை டிப்பர் போகுதுன்னு எண்ண ஆரம்பிச்சா பஸ்ஸை விட்டுடுவீங்க.

அந்த டிப்பர்ல ஒண்ணை ஓட்டுறவர்தான் எங்க அப்பா. சுரங்கத்துல கல் ஏத்தி ஆலையில கொட்டுற வேலை. ஊருக்கெல்லாம் சிமெண்ட் போக வழி பண்ற மனுஷன் வீட்டுல, தரை நிக்கலை. இதை விடக் காமெடி உண்டா சொல்லுங்க!

எங்க வீட்டுல முன்னாடி இருந்தது சிவப்பு ஆக்ஸைடு தரை. தாத்தா காலத்துல போட்டது. அங்கங்கே வெடிப்பு விட்டிருந்துச்சே தவிர, கோடையில அதுல படுத்தா ஏ.சி. தோத்துடும். அப்பாயி மதியானம் பாயே விரிக்க மாட்டாங்க. முந்தானையை விரிச்சா தூக்கம்தான்.

ஆனா அக்காவைப் பொண்ணு பார்க்க வர ஆரம்பிச்சதும் வீட்டுல பேச்சு மாறிடுச்சு. ‘‘நாலு பேரு வந்து போற வீடு, தரை இப்படி வாய் பொளந்து கிடந்தா நல்லாவா இருக்கு?’’ன்னு அம்மா ஆரம்பிச்சாங்க. இப்பல்லாம் எங்க பக்கம் ‘மாடி வீடா’ன்னு கேட்டது போய், ‘டைல்ஸ் போட்டிருக்காங்களா’ன்னு கேக்குற காலம். அப்பாகிட்ட சீட்டுப் பணம் கொஞ்சம் இருந்துச்சு. அம்மா மகளிர் குழுவுல 50,000 ரூபாய் கடன் எடுத்தாங்க. மாசா மாசம் தவணை, 24 மாசம்.

வேலையை எடுத்தவர் சொந்தக்காரர். ரெண்டு தெரு தள்ளி வீடு. அப்பாவுக்கு மச்சான் முறை, எனக்கு மாமா. பேரு வேண்டாமே, மாமான்னே வச்சுக்குவோம். பொருள், கூலி எல்லாம் சேர்த்து சதுர அடி 150 ரூபாய். மொத்தம் 620 சதுர அடி. ஹால் 220, ரெண்டு ரூமும் சேர்த்து 240, சமையல்கட்டு 80, வெளித் திண்ணை 80. ஆக 93,000 ரூபாய்.

எழுதி வாங்கினீங்களான்னு கேக்குறீங்க. சொந்தக்காரர்கிட்ட எழுதி வாங்குறதா? எங்க ஊர்ல அது கெட்ட வார்த்தை மக்களே!

‘‘மாப்ள, உன் வீடு வேற என் வீடு வேறயா? பொங்கலுக்குள்ள கண்ணாடி மாதிரி ஆக்கித் தர்றேன்’’னு மாமா சொன்னார். அப்பா அட்வான்ஸ் 40,000 எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் அக்ரிமெண்ட்.

கண்ணாடி... ஆமா, கண்ணாடிதான்!

நான் பெரம்பலூர்ல காலேஜ் ஹாஸ்டல். மார்கழி முழுக்க செமஸ்டர் எக்ஸாம். முடிச்சுட்டுப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தா வீடு பளபளன்னு இருக்கு. தரையில முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். அக்கம்பக்கத்துக்காரங்க செருப்பைத் தெருவுலேயே விட்டுட்டு வந்து பார்த்துட்டுப் போறாங்க. அம்மா முகத்துல வந்த சிரிப்பு இருக்கே, அதுக்கே 93,000 தகும்னு தோணுச்சு. அப்பாவும் அதுக்குள்ள 83,000 கொடுத்து முடிச்சிருந்தார். பாக்கி 10,000.

அப்பாயிதான் முதல்ல சொன்னாங்க. ‘‘பாப்பா, தரை தடுக்குதுடி.’’

எல்லாரும் வயசாயிடுச்சுன்னு நினைச்சோம். ஆனா ஒருநாள் ஹால்ல அவங்க கால் பெருவிரல் டைல் விளிம்புல இடிச்சு, நகம் பேந்து ரத்தம். குனிஞ்சு ஸ்கேலை வச்சுப் பார்த்தா, ஒரு டைலுக்கும் பக்கத்து டைலுக்கும் ரெண்டு மில்லிமீட்டர் ஏத்த இறக்கம். கண்ணுக்குத் தெரியாது. காலைத் தூக்கி வைக்க முடியாம இழுத்து இழுத்து நடக்கிற 78 வயசுக்கு நல்லாவே தெரியும்! அன்னியிலிருந்து அவங்க ஹாலுக்குள்ள வர்றதுன்னா சுவரைப் பிடிச்சுக்கிட்டுதான். தாத்தா கட்டின வீட்டுக்குள்ள அவங்க விருந்தாளி மாதிரி நடக்குறதைப் பார்க்கவே என்னமோ பண்ணுச்சு.

அடுத்து மாசி மாசம் ஒரு திடீர் மழை. திண்ணையில விழுந்த தண்ணி தெருப் பக்கம் ஓடணும்ல? சமத்தா வீட்டுக்குள்ள வந்துச்சு. வாட்டம் உள்பக்கமா வச்சிருக்காங்க!

அப்பா போன் பண்ணினார். ‘‘புதுத் தரைன்னா அப்படித்தான் மாப்ள, போகப் போக செட் ஆயிடும்’’னார் மாமா.

சித்திரையில செட் ஆச்சு. நல்ல மதியம் ரெண்டு மணி. ஹால்ல ‘டமார்’னு ஒரு சத்தம். அக்கா சிலிண்டர்னு நினைச்சு அலறிக்கிட்டு வெளியே ஓடிட்டா. போய்ப் பார்த்தா ஹால் நடுவுல நாலு டைல் கூடாரம் போட்ட மாதிரி முட்டிக்கிட்டு மேல எழும்பி நிக்குது! அடியில என்ன இருக்குன்னு குனிஞ்சு பார்த்தேன். அஞ்சு இடத்துல மட்டும் உருண்டை உருண்டையா காஞ்சுபோன கலவை. மத்த இடமெல்லாம் காலி. டைலோட முதுகு, கடையில வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே சுத்தமா இருந்துச்சு. ஒரு பொட்டு சிமெண்ட் ஒட்டலை.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை, ‘‘ஏண்டி, இன்ஜினீயரிங் படிக்கிற புள்ள வீட்டுலயே இப்படியா?’’ன்னு ஒரு டயலாக் விட்டாங்க பாருங்க... நான் படிக்கிறது எலெக்ட்ரானிக்ஸ்னு அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்க!

தண்ணி குடிக்காத டைல்

சரி, கொஞ்சம் சீரியஸா படிப்போம். எக்ஸாமுக்கு வராது, வாழ்க்கைக்கு வரும்.

பழைய காலத்து சாதா டைல்ஸ், செராமிக். அதோட முதுகுல நுண்ணிய ஓட்டைங்க நிறைய. தண்ணியை உறிஞ்சும். சிமெண்ட் பாலை ஊத்தி மேல வச்சா, அந்தப் பால் ஓட்டைக்குள்ள போய் இறுகிப் பிடிச்சுக்கும். அதனாலதான் பழைய கொத்தனாருங்க டைலைத் தண்ணியில ஊறப் போட்டுட்டுப் பதிப்பாங்க.

இப்போ வீட்டுக்கு வீடு போடுறது விட்ரிஃபைடு டைல்ஸ். பெரும்பாலும் குஜராத்துல மோர்பிங்கிற ஊர்ல இருந்து வருது. நல்லா அழுத்தி, அதிக சூட்டுல சுட்டு, கிட்டத்தட்ட கண்ணாடி ஆக்கிடுறாங்க. எடையில அரை சதவிகிதத்துக்கு மேல தண்ணி உறிஞ்சக் கூடாதுங்கிறதுதான் அதோட கணக்கே. கறை பிடிக்காது, தேயாது, சூப்பர். ஆனா தண்ணியையே குடிக்காத டைல், சிமெண்ட் பாலை மட்டும் குடிக்குமா? குடிக்காது. சும்மா மேல உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அதுக்குன்னே இருக்கிறதுதான் டைல் அட்ஹெஸிவ். நம்ம ஆளுங்க ‘பேஸ்ட்’ம்பாங்க. சிமெண்ட்டோட பாலிமர் கலந்தது. அதுக்கு ஐ.எஸ். 15477-ன்னு இந்தியத் தர நிர்ணயமே இருக்கு. மட்டமா தளம் போட்டு, பல் வச்ச கரணையால பேஸ்ட்டை சீப்பு வாரின மாதிரி இழுத்து, அது மேல டைலை வச்சு ரப்பர் சுத்தியலால தட்டணும். அடியில காத்துக்கு இடமே இருக்கக் கூடாது. நாலு மூலைக்கு நாலு, நடுவுல ஒண்ணுன்னு போண்டா மாதிரி கலவை வச்சு அமுக்கினா, போண்டா இருக்கிற இடம் தாங்கும், இல்லாத இடம் டொக்கு. மேல கனமா ஏதாவது விழுந்தா உடையறதும் அந்த டொக்கு இடத்துலதான்.

அப்புறம் ஏன் ‘டமார்’? எங்க ஹால் 20 அடி நீளம், கிட்டத்தட்ட ஆறு மீட்டர். தரை 20 டிகிரி சூடேறினா அவ்வளவு நீளத்துக்கும் சேர்த்து டைல்ஸ் விரியறது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதுக்கு இடம் விடணும்ங்கிறதுக்காகத்தான் டைலுக்கு டைல் ஸ்பேஸர் வச்சு ரெண்டு மில்லிமீட்டர் விடச் சொல்றாங்க. சுவர் ஓரத்துலயும் கொஞ்சம் இடைவெளி விடணும். ஸ்கர்ட்டிங் வச்சா அது வெளியே தெரியாது. எங்க வீட்டுல டைலை டைலோட முட்ட வச்சு, சுவரோட இறுக்கி, மேல வெள்ளை சிமெண்ட்டைப் பூசிட்டாங்க. பார்க்க ஒரே கல்லு மாதிரி அழகு! அடியில தளத்துக் கலவை காயக் காயச் சுருங்குது, மேல டைல் சூட்டுல விரியுது. பக்கவாட்டுல போக இடமில்லை, கீழே பிடிமானம் இல்லை. மிச்சம் இருக்கிறது ஒரே வழி, மேல!

இன்னொண்ணும் இருக்கு. பழைய தரையைப் பேத்து எடுத்துட்டு, இறங்கின இடத்துல மண்ணைக் கொட்டி நிரப்பியிருக்காங்க. எங்க ஊர்ப் பக்கம் நிறைய இடத்துல கரிசல் மண். மழையில ஊதும், வெயில்ல சுருங்கும். கோடையில வயல்ல வெடிப்பு பார்த்திருப்பீங்களே... அதே மண் வீட்டுக்கு அடியில இருந்தா? அதை எடுத்துட்டு கிராவல் மண்ணோ மணலோ போட்டு, தண்ணி விட்டு, திமிசுக் கட்டையால இடிச்சுக் கெட்டிக்கணும். எங்க வீட்டுல திமிசு சத்தமே கேக்கலைன்னாங்க அம்மா.

இதே அரியலூர் மாவட்டத்துலதான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கு. 2004-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாச் சேர்த்த கோயில். ராஜேந்திர சோழன் கட்டி ஏறக்குறைய 1,000 வருஷம் ஆகுது. கல்லு கல்லா அப்படியே நிக்குது. எங்க வீட்டுத் தரைக்கு ஆயுசு மூணு மாசம்!

5,850 ரூபாய்

எனக்கு மனசு கேக்கலை. 20 கிலோ பேஸ்ட் மூட்டை ஒண்ணு சுமாரா 50 சதுர அடிக்கு வரும். 620 சதுர அடிக்கு 13 மூட்டை. கடையில விசாரிச்சேன், மூட்டை 450 ரூபாய். மொத்தம் 5,850. அதாவது 93,000 ரூபாய் வேலையில அந்த 5,850-ஐ மிச்சம் பிடிச்சிருக்கார் மாமா. தரை போயிடுச்சு, தவணை மட்டும் போகலை. மாசம் பொறந்தா அம்மா குழுக் கூட்டத்துக்குப் போய் பணம் கட்டிட்டு வர்றாங்க, எழும்பி நிக்கிற டைலைத் தாண்டி!

அப்பா மறுபடி போன் பண்ணினார். மாமா எடுக்கலை. நேர்ல போனார். ‘‘அந்த நாலு டைலை மட்டும் ஒட்டித் தர்றேன். வெயிலுக்கு நான் என்ன மாப்ள பண்றது?’’ன்னு சொல்லி அனுப்பிட்டார்.

நான் பேசினேன். ‘‘மாமா, பேஸ்ட் போட்டீங்களா?’’

‘‘பாப்பா... நீ படிக்கிற புள்ள, படிப்பைப் பாரு. 25 வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எனக்கே சொல்லித் தர்றியா?’’

அன்னிக்கு ராத்திரிதான் காசை எடுத்தேன். கிராஃப் ஷீட்ல வீட்டு பிளான் போட்டு ஒரு டைலுக்கு ஒரு கட்டம். தட்டுறது, டொக்குன்னா தரையில சாக்பீஸால ஒரு பெருக்கல் குறி, பேப்பர்ல சிவப்பு மை. அக்கா செல்போன் டார்ச் பிடிச்சா. ராத்திரி 11 மணிக்கு வீடு முழுக்க முட்டி போட்டுக்கிட்டுத் தட்டினோம். ஹால்ல 27, ரூம்ல 19, சமையல்கட்டுல 9, திண்ணையில 6. மொத்தம் 61. நூத்துக்கு 39 டொக்கு! விடிஞ்சு எழுந்து வந்த அப்பா, தரை முழுக்க இருந்த பெருக்கல் குறியைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசலை. தப்பான கணக்குக்கு வாத்தியார் போட்ட மாதிரி இருந்துச்சு.

‘‘கேஸ் கொடுக்கலாம்ப்பா’’ன்னேன். ‘‘சொந்தத்துக்குள்ளயா? நாளைக்கு உங்க அக்கா கல்யாணத்துக்கு அவங்க வர வேணாமா?’’ன்னார். அவர் பக்கமும் நியாயம் இருக்குல்ல? எங்க மாதிரி ஊர்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடவும் சொந்தம்தான், அவசரத்துக்குக் கைமாத்து வாங்கவும் சொந்தம்தான். அதை ஒரு டைலுக்காக உடைக்கச் சொல்றது லேசு இல்லை.

ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கிறதுல தப்பில்லையே? நீங்களும் தெரிஞ்சுக்கங்க. கடையில வாங்கின சோப்பு, ஷாம்புக்கு மட்டும்தான் நுகர்வோர் சட்டம்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். வீடு கட்டித் தர்றதும் ‘சேவை’தான்னு 1993-லேயே லக்னோ டெவலப்மெண்ட் அத்தாரிட்டி வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லியாச்சு. இப்போ நடைமுறையில இருக்கிறது 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில அமலுக்கு வந்துச்சு. காசு வாங்கிட்டு செஞ்ச வேலையில குறை இருந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வேலை எடுத்தவர் எந்த ஊரா இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலேயே மனு போடலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். கொடுத்த தொகை அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்கணும்னு கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். அதுக்கு முன்னாடி ஆலோசனை வேணும்னா 1915-ன்னு தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு.

கேஸ் வேண்டாம், ஒரே ஒரு லெட்டர் மட்டும்னு அப்பாகிட்ட மூணு நாள் பேசிச் சம்மதம் வாங்கினேன். திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. எந்தெந்தத் தேதியில எவ்வளவு பணம் போச்சு, எந்தெந்த டைல் டொக்கு, என்ன முறையில போட்டிருக்கணும், என்ன முறையில போட்டிருக்கு... அவ்வளவுதான். கூடவே கிராஃப் ஷீட் ஜெராக்ஸ், போட்டோ, செல்போன்ல பணம் அனுப்பின விவரம். கடைசி வரி மட்டும் அப்பா சொல்லி எழுதினது: ‘நீங்கள் நேரில் வந்து பார்த்து ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.’ ஸ்பீடு போஸ்ட்ல போட்டாச்சு. ரெண்டு தெருவுக்கு ஸ்பீடு போஸ்ட்!

நாலாம் நாள் மாமா வந்தார். நல்ல கோபம். ‘‘தபால் அனுப்புற அளவுக்கு வந்துட்டீங்களா மாப்ள?’’ன்னு வாசல்லேயே ஆரம்பிச்சார்.

எங்க அப்பா அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அன்னிக்கும் அதிரலை. ‘‘உள்ள வா மச்சான், காபி குடி. உறவு வேற, கணக்கு வேற. எங்க ஆத்தா இந்தத் தரையில நடக்க பயப்படுது. அதைப் பார்த்துட்டு நீயே சொல்லு’’ன்னார். அப்பாயி சரியா அந்த நேரத்துக்குச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு சமையல்கட்டுல இருந்து வந்தாங்க. மாமா அவங்க காலைப் பார்த்தார். கையில இருந்த கிராஃப் ஷீட்டைப் பார்த்தார். அப்புறம் குரல் இறங்கிடுச்சு.

முடிவு? ஹாலும் சமையல்கட்டும் பேத்துட்டு புதுசா. டைல்ஸ், பேஸ்ட் அவர் செலவு. பாக்கி 10,000 வேலை முடிஞ்சு தட்டிப் பார்த்த பிறகு. ரூமும் திண்ணையும் ‘பார்த்துக்கலாம்’. இந்தத் தடவை ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாங்க.

ஒட்டினவர் என்ன சொன்னார்?

ரெண்டாவது தடவை வேலை நடந்தப்ப நான் லீவுல வீட்டுல இருந்தேன். டைல் பதிக்க வந்தவர் உத்தரப்பிரதேசத்துக்காரர். முதல் தடவை ஒட்டினதும் அவர்தான். என் வயசுதான் இருக்கும். பேஸ்ட் மூட்டையைப் பிரிச்சு அவர் கரணையால இழுத்த இழுப்பு இருக்கே, அவ்வளவு நேர்த்தி! ரசமட்டம் வச்சு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அரை மில்லிமீட்டர் பிசகினாலும் எடுத்துத் திரும்ப வச்சார்.

டீ கொடுக்கும்போது கேட்டேன். ‘‘போன தடவை ஏன் இப்படிச் செய்யலை?’’

அரைகுறைத் தமிழ்ல சொன்னார். ‘‘பேஸ்ட் கேட்டேன் தீதி. மேஸ்திரி, சிமெண்ட் போதும் சொன்னாங்க. சீக்கிரம் முடி, வேற சைட் இருக்கு சொன்னாங்க.’’

அவருக்குக் கூலி சதுர அடிக்கு 16 ரூபாய். எவ்வளவு வேகமா ஓடுறாரோ அவ்வளவு காசு. நிதானமா மட்டம் பார்த்தா அவருக்குத்தான் நஷ்டம். எங்க வீட்டுல இப்போ 300 சதுர அடியை நிதானமா, மூணு நாள் செஞ்சார். அப்படிச் செய்ய விட்டாத்தானே செய்ய முடியும்? ‘இந்த வடநாட்டுப் பசங்களுக்கு வேலை தெரியாது’ன்னு ஊர்ல சர்வ சாதாரணமா சொல்றாங்க. அடுத்த தடவை யாராவது சொன்னா, அவர் கையில என்ன பொருள் கொடுத்தீங்க, எத்தனை நாள் கொடுத்தீங்கன்னு கேளுங்க மக்களே!

வேலை முடிஞ்சு பேஸ்ட் காய்ஞ்சதும் 75 டைலையும் தட்டினோம். ஒண்ணுகூட டொக்கு இல்லை. அப்பா அந்த இடத்துலேயே 10,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. ரூம்ல 19, திண்ணையில 6-ன்னு 25 டொக்கு இன்னும் அப்படியே இருக்கு. கட்டிலும் பீரோவும் எந்த டைல் மேல காலை ஊன்றணும்னு கிராஃப் ஷீட் பார்த்துதான் வச்சிருக்கோம். ஐப்பசி மழைக்குத் திண்ணை வாசல்ல கோணிச் சாக்கு போட்டாகணும். மாமா இப்பல்லாம் கடைத்தெருவுல அப்பாவைப் பார்த்தா ‘‘என்ன மாப்ள’’ன்னு கூப்பிடுறதில்லை, தலையை மட்டும் ஆட்டிட்டுப் போயிடுறார். அக்கா நிச்சயத்துக்கு வந்தார். ஆனா சாப்பிடாமப் போயிட்டார். அன்னிக்கு ராத்திரி அப்பா சரியாவே தூங்கலை. லெட்டர் எழுதினதுல எனக்கு வருத்தம் இல்லை. ஆனா நியாயம் கேட்டா ஒரு விலை கொடுக்கணும்னு புரிஞ்சது. அந்த விலையும் அப்பா கணக்குலதான் போச்சு.

அப்பாயி? ஹால்ல சுவரை விட்டுட்டு நடுவுல நடக்குறாங்க. ‘‘என்ன இருந்தாலும் நம்ம பழைய தரை மாதிரி வருமாடி’’ன்னு சொல்லிக்கிட்டேதான்!

உங்க வீட்டுல வேலை நடக்கப் போகுதா? அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் பேசுங்க:

* எந்த டைல், எந்த பேஸ்ட், எத்தனை மூட்டை... எல்லாம் பேப்பர்ல இருக்கணும். சொந்தக்காரர்னா ரெண்டு மடங்கு அவசியம். நாளைக்கு மனஸ்தாபம் வராம காப்பாத்துறது அந்தப் பேப்பர்தான்.

* பணத்தை வேலையோட சேர்த்து நகர்த்துங்க. தளம் முடிஞ்சா இவ்வளவு, டைல் முடிஞ்சா இவ்வளவுன்னு. கடைசித் தொகையைத் தட்டிப் பார்த்த பிறகுதான் கொடுக்கணும்.

* முதல் பத்து டைல் பதிச்சதும் ஒண்ணை எடுத்துக் காட்டச் சொல்லுங்க. முதுகு முழுக்க பேஸ்ட் இருக்கணும்.

* திண்ணை, பாத்ரூம்ல கிரவுட் போடுறதுக்கு முன்னாடி ஒரு வாளி தண்ணி ஊத்தி வாட்டம் பாருங்க.

* வயசானவங்க இருக்கிற வீடுன்னா வழவழப்பு டைல் வேண்டாம். கொஞ்சம் சொரசொரப்பா இருக்கிற மேட் ஃபினிஷ் போதும். தரை போடுறது பார்க்கிறதுக்கு இல்லை, நடக்கிறதுக்கு!

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பாத்ரூம் கதவு உளுத்துப் போச்சுன்னு ஒரு ஆசாரி வந்திருந்தார். அவரும் அப்பாவுக்கு ரொம்பப் பழக்கம். ‘‘பி.வி.சி. கதவு போட்டுடலாம்ண்ணே, ஒரு அட்வான்ஸ் மட்டும் கொடுங்க’’ன்னார். அப்பா சட்டைப் பாக்கெட்டுல கையை விட்டார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

‘‘பாப்பா, உன் நோட்டுல இருந்து ஒரு பேப்பர் கிழி. தேதியை முதல்ல போடு.’’